பத்து உதை

மலாக்காவில் புக்கிட் பெருவாங் குன்றில் காலை நேரத்தில் நடக்க வருகிறவர்களுக்கு நான் இன்றைக்கும் மிஸிதான், நர்ஸம்மாதான். ஓய்வு பெற்றாயிற்று, வெள்ளை யூனிஃபார்மை மடித்து வைத்தாயிற்று. ஆனாலும் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே யாராவது பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்வார்கள். முன்பெல்லாம் இனிப்பு நீர், பிரஷர், முட்டி வலி என்று கேள்வி வரும். இப்போது கொஞ்ச நாளாக இளம் அம்மாக்கள் வருகிறார்கள். கேள்வி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"மிஸி, இவன் வயித்துல இருக்கும்போது எனக்குக் கொவிட் வந்துச்சு. நாலு வயசாகுது, இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டேங்குறான். அதனாலயா இருக்குமோ?"

மூச்சிரைக்க நடந்துகொண்டே இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆமாம் என்று சொன்னாலும் தப்பு, இல்லை என்று சொன்னாலும் தப்பு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். ஒரு தே ஓ கலக்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், நாங்கள் எதற்குப் பயந்தோம் என்று சொல்கிறேன். தாய் சேய் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு, புது வைரஸ் என்றதும் மனசு ரூபெல்லாவுக்குத்தான் ஓடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா வந்தால் பிள்ளைக்குக் காது கேட்காமல் போகலாம், கண்ணில் புரை விழலாம், இதயத்தில் ஓட்டை இருக்கலாம். அதற்காகத்தானே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போட்டோம். அதற்கப்புறம் 2015, 2016இல் பிரேசிலில் ஸிக்கா. தலை சிறுத்துப் பிறந்த பிள்ளைகளின் படத்தைப் பார்க்காதவர் உண்டா? அதனால் 2020 மார்ச் 18இல் இங்கே மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, இதுவும் நேராக வயிற்றுப் பிள்ளையைப் போய்ப் பிடிக்கும் ரகமாக இருக்குமோ என்றுதான் எங்கள் கிளினிக்கில் எல்லாருக்கும் பயம்.

அந்த ரகம் இல்லை என்பது சீக்கிரமே தெரிய ஆரம்பித்தது. வூஹானில் கொவிட்டோடு சிசேரியன் ஆன 9 தாய்மார்களைப் பற்றி 2020 பிப்ரவரியிலேயே லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் சிலரின் பனிக்குட நீர், தொப்புள்கொடி ரத்தம், பிள்ளையின் தொண்டை, தாய்ப்பால் என்று எடுத்துச் சோதித்தார்கள். எதிலும் வைரஸ் இல்லை. ஒன்பது பேரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் அன்றைக்கு அந்த ஒன்பதுதான் எங்களுக்குக் கிடைத்த தெம்பு.

அப்படியென்றால் வயிற்றுக்குள் போகவே போகாதா? போகும். 2020 மார்ச்சில் பாரிஸுக்குப் பக்கத்தில் கிளமார் என்ற ஊரில் 35 வாரக் கர்ப்பிணி ஒருவர் காய்ச்சலோடு வந்தார். சிசேரியன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயின் ரத்தத்தைவிட நஞ்சுக்கொடியில் வைரஸ் அதிகமாக இருந்தது. மூன்றாம் நாள் பிள்ளை உடம்பை வில்லாக வளைத்தது, விறைத்தது. பிறகு மெல்லத் தேறியது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வைரஸ் பிள்ளைக்குப் போனதை முறையாக நிரூபித்த முதல் கேஸ்களில் இது ஒன்று. அதே ஆண்டு மே மாதக் கடைசியில் புனேயில் சசூன் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை. இந்தியாவில் இப்படிப் பதிவான முதல் பிள்ளை அதுதான் என்று அங்கே குழந்தைகள் பிரிவுத் தலைவராக இருந்த டாக்டர் ஆர்த்தி கினிகர் சொன்னார். அந்தப் பிள்ளையும் காய்ச்சலில் தவித்துவிட்டு மூன்று வாரம் கழித்து நன்றாக வீட்டுக்குப் போனது.

ஆனால் இவை அபூர்வம். பர்மிங்ஹாமில் ஷகிலா தங்கரத்தினம் என்ற மகப்பேறு பேராசிரியர் தலைமையில் ஒரு குழு, உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைச் சேர்த்துச் சலித்துக்கொண்டே இருந்தது. 2022இல் அவர்கள் சொன்ன கணக்கு: கொவிட் வந்த தாய்மார்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்குத்தான் தொற்று தெரிந்தது. அதிலும் எல்லாருமே வயிற்றுக்குள் வாங்கியவர்கள் இல்லை. பிறந்த பிறகு வாங்கியவர்களும் சேர்த்தி. இந்த வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் அந்தச் செல்லில் இரண்டு விதமான புரதங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். நஞ்சுக்கொடியில் அந்த இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து இருப்பது ரொம்பக் குறைவு. அதோடு, கொவிட்டில் வைரஸ் ரத்தத்தில் இறங்கி ஓடுவதும் அவ்வளவாக இல்லை. மூக்கு, தொண்டை, நுரையீரல் என்றே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கு வருவதற்கு முன்பே, 2020இல் வந்த செய்திகளைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் எங்களில் நிறைய பேர். பிள்ளைக்குப் போகாது, அப்புறம் என்ன? அந்த நிம்மதிதான் வினையானது.

2021 ஜூலை, ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? டெல்டா. ஆகஸ்ட் 26 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. பத்து பிரண்டாம் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஆண்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் தாமான் வீடுகளில் ஒருவர் விடாமல் படுத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் கொவிட்டை ஒன்றிலிருந்து ஐந்து வரை வகை பிரித்திருந்தோம். அறிகுறி இல்லையென்றால் ஒன்று, நுரையீரலைத் தொடாவிட்டால் இரண்டு, தொட்டுவிட்டால் மூன்று, ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தால் நான்கு, வென்டிலேட்டர் என்றால் ஐந்து. கர்ப்பிணிகள் இரண்டிலிருந்து நான்குக்குத் தாவுவது மற்றவர்களைவிட வேகமாக நடந்தது. ஏழு மாத வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும், நுரையீரலுக்கு விரிய இடம் இருக்காது, உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜனோ வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட. மற்ற நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு 92, 93 என்று காட்டினால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே போகவிடக் கூடாது. ஏனென்றால் பிள்ளை மூச்சு விடுவதில்லை. தாயின் ரத்தத்தில் மிஞ்சுவதை நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொள்வதுதான் அதன் மூச்சு.

மலேசியப் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் ஒரு கணக்கு வெளியிடும்: ஒரு லட்சம் பிள்ளைகள் உயிரோடு பிறக்கும்போது எத்தனை தாய்மார்கள் இறந்தார்கள் என்று. 2020இல் அது 24.9. 2021இல் 68.2. அடுத்த ஆண்டே கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து எத்தனையோ பேர் சேர்ந்து, வீடு வீடாகப் போய், தோட்டத்து லயம் வரைக்கும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போய் இறக்கி வைத்த எண் அது. ஒரே ஆண்டில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. இதைப் பற்றி நம் சமூகத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. தடுப்பூசி போட்டதால் மாதவிடாய் தள்ளிப் போனதைப் பற்றி மட்டும் கோயில் மண்டபத்தில் மணிக்கணக்காகப் பேசினார்கள்.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே சொல்லின. ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த ஹோசே வில்லாரும் அவரோடு சேர்ந்தவர்களும் 18 நாடுகளில் கொவிட் வந்த 706 கர்ப்பிணிகளையும் வராத 1,424 பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் வெளியானது. வந்தவர்களில் 1.6 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். வராதவர்களோடு ஒப்பிட்டால் 22 மடங்கு. குறைமாதப் பிரசவம் ஒன்றரை மடங்குக்கு மேல். ரத்தக் கொதிப்பு ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் அந்தப் பொல்லாத வியாதியும் கூடியது. தாய்க்கு மூச்சுத் திணறும்போது அவளைக் காப்பாற்றவே பிள்ளையைச் சீக்கிரம் எடுக்க வேண்டியிருந்தது. ஆக, பிள்ளைக்குக் கொவிட் வரவில்லை. பிள்ளைக்குக் குறைமாதம் வந்தது. முதிராத நுரையீரல், மஞ்சள், இன்குபேட்டர், குழாய் வழியாகப் பால். பின்னால் வளர்ச்சி தாமதமாவதற்கு இதுவே போதுமான காரணம். வைரஸைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை.

இனி நஞ்சுக்கொடிக்கு வருகிறேன். இதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லேசான கொவிட் வந்த தாய்மார்களையும் இது விடவில்லை.

என் சித்தி மகனின் மனைவி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளைக்கு வளைகாப்பு மண்டபம் பிடித்து நடந்தது, இந்தப் பிள்ளைக்கு ஸூமில். அவள் அம்மா திரையில் கை நீட்டி வளையல் காட்டினாள், இங்கே நான் போட்டுவிட்டேன். அவ்வளவுதான் சடங்கு. 2021 ஆகஸ்டில் அவளுக்குப் பாசிட்டிவ். இரண்டாம் வகை. இருமல், உடம்பு வலி, இரண்டு நாள் காய்ச்சல். கர்ப்பிணி என்பதால் வார்டில் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். ஆக்சிஜன் ஒரு நாளும் 97க்குக் கீழே இறங்கவில்லை. எல்லாரும் மாரியம்மனுக்கு நன்றி சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் ஓர் அட்டவணை இருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ண வேண்டும். பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு வந்ததோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. இரவு ஒன்பதுக்குள் பத்து ஆகவில்லையென்றால், அல்லது வழக்கமாக வரும் நேரத்தைவிட ரொம்பப் பிந்தினால், உடனே ஆஸ்பத்திரி. பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. செக்கப்புக்கு வரும் அன்று காலையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் ஒரே பேனாவில் கோடு போடுவார்கள். எல்லாக் கோடும் பதினொரு மணி. எங்களுக்குத் தெரியாதா என்ன? நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம்.

இவள் உண்மையாகவே எண்ணுகிற ரகம். பதினொன்று, பதினொன்றரை என்று கோடுகள் வந்துகொண்டிருந்தன. வார்டிலிருந்து வந்து ஒரு வாரம் கழித்து அது மதியம் ஒன்று ஆனது. அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் எனக்குப் போன் வந்தது. "அண்ணி, மணி நாலாகுது. ஆறுதான் ஆயிருக்கு. அதுவும் முன்ன மாதிரி உதை இல்ல, சும்மா புரள்ற மாதிரி இருக்கு."

சாப்பிட்டுப் பார், இடது பக்கமாகப் படுத்துப் பார் என்று சொல்லலாம். மற்ற நாளாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றேன். காரணம், அயர்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வயிற்றிலேயே பிள்ளைகள் இறந்தன. தாய்மார்கள் கொவிட் வந்து தேறியவர்கள். பலருக்குப் பெரிய தொந்தரவே இல்லை. நஞ்சுக்கொடியை வெட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

என்ன விஷயம்? நஞ்சுக்கொடி என்பது தாயின் ரத்தம் குளமாக நிற்க, அதற்குள் பிள்ளையின் ரத்தக் குழாய்கள் பூண்டு வேராகத் தொங்கும் இடம். ரத்தம் அங்கே தேங்காமல், உறையாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு வைரஸ் நஞ்சுக்கொடியின் மேல்தோலைப் பிடித்துவிடுகிறது. அந்தத் தோல் செல்கள் சாகின்றன. அழற்சி செல்கள் வந்து குவிகின்றன. ஃபைப்ரின் என்ற உறைபொருள் படிந்து படிந்து இறுகுகிறது. மஞ்சள் வெள்ளைக் கட்டியாக ஆகிவிட்ட இடத்தில் ஆக்சிஜன் கடக்காது. அட்லாண்டாவைச் சேர்ந்த நோய்க்கூறு வல்லுநர் டேவிட் ஷ்வார்ட்ஸ், 12 நாடுகளிலிருந்து இப்படிப் பிள்ளை இறந்த 68 நஞ்சுக்கொடிகளைச் சேர்த்து ஆராய்ந்து 2022இல் எழுதினார். சராசரியாக நஞ்சுக்கொடியில் 77 விழுக்காடு கெட்டிருந்தது. நான்கில் மூன்று பங்கு! பிள்ளையின் உடம்பில் பெரும்பாலும் வைரஸ் சேதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அது மூச்சு முட்டித்தான் இறந்தது. அந்தத் தாய்மார்களில் ஒருவர்கூடத் தடுப்பூசி போட்டவர் இல்லை.

இது தாய்க்கு வலிக்காது, காய்ச்சலாக வராது. கொவிட் வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள், தேறிவிட்டோம் என்று நினைத்திருக்கும்போது நடக்கும். வெளியே தெரியும் ஒரே அறிகுறி, பிள்ளை உதைப்பது குறைவதுதான். அந்த அட்டவணைதான். அதற்கு மிஞ்சின கருவி வீட்டில் கிடையாது.

ஆஸ்பத்திரியில் சி.டி.ஜி. வைத்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்புக் கோடு ஏறி இறங்கி மலை மலையாக வர வேண்டும், தட்டையாக வந்தது. பிள்ளையின் நுரையீரலுக்கான டெக்ஸா ஊசி முதல் டோஸ் போட்டார்கள். இரண்டாவது டோஸுக்குக் காத்திருக்கவில்லை. 32 வாரம், 1.7 கிலோ, ஆண் பிள்ளை. அழுதான் என்று உள்ளே இருந்த மிஸி வெளியே வந்து சொன்னார். கணவன்மாரை லேபர் ரூம் பக்கமே விடாத காலம் அது. என் தம்பி கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடி போனில்தான் கேட்டான். அவன் அழுததை நான் கேட்டேன். நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பாதிக்கு மேல் ஃபைப்ரின் என்று பின்னால் தாள் வந்தது.

அந்தப் பையன் இப்போது தடிக்காவுக்கு, பாலர் பள்ளிக்குப் போகிறான். ஓடுகிறான், கடிக்கிறான், பொய் சொல்கிறான். ஒரு பிள்ளையை வைத்து எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட மாட்டேன். எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அமெரிக்காவில் 2020 மார்ச்சிலிருந்து 2021 செப்டம்பர் வரை நடந்த 12 லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தார்கள். பிரசவ நேரத்தில் கொவிட் இருந்தவர்களில் 1.26 விழுக்காட்டினருக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது, இல்லாதவர்களில் 0.64. டெல்டாவுக்கு முன் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு, டெல்டா காலத்தில் நான்கு மடங்கு. நூறில் ஒன்று என்பது சின்ன எண்தான். லட்சக்கணக்கான பேருக்கு ஒரே சமயத்தில் நோய் வரும்போது அது சின்ன எண் இல்லை.

தடுப்பூசிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நினைத்தாலே கோபம் வருகிறது. இங்கே 2021 பிப்ரவரி 24இல் ஊசி தொடங்கியபோது கர்ப்பிணிகள் பட்டியலில் இல்லை. தயாரிப்பு நிறுவனங்களின் முதல் சோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை, அதனால் பல நாடுகள் தயங்கின. ஆண்டின் நடுவில் சுகாதார அமைச்சு 14லிருந்து 33 வாரம் வரை உள்ளவர்களுக்கு ஃபைசர் போடலாம் என்றது. அதற்குள் வாட்ஸ்அப் முந்திக்கொண்டது. மலட்டுத்தன்மை வரும், பிள்ளைக்கு ரத்தம் உறையும், இன்னும் என்னென்னவோ. ஆயர் குரோ எம்.ஐ.டி.சி. மண்டபத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, வாசல் வரை வந்து மாமியாரின் ஒரு போன் காலில் திரும்பிப் போன பெண்களை எனக்குத் தெரியும். மாமியார்கள் மேல் பழி போட்டுப் பயனில்லை. நான்கு மாதத்துக்கு முன் "போடாதே" என்ற அதே வாய்கள் இப்போது "போடு" என்றால் அவர்களும்தான் என்ன நினைப்பார்கள்?

ஸ்காட்லாந்தில் நாடு முழுவதையும் கணக்கெடுத்தார்கள். கொவிட்டோடு தீவிர சிகிச்சைக்குப் போன கர்ப்பிணிகளில் 98 விழுக்காட்டினர் ஊசி போடாதவர்கள். கொவிட் வந்து 28 நாளுக்குள் பிரசவமானவர்களில், ஆயிரம் பிறப்புக்கு 22.6 பிள்ளைகள் பிரசவத்தை ஒட்டி இறந்தன. இறந்த பிள்ளைகளின் தாய்மார்கள் அனைவரும் ஊசி போடாதவர்கள். ஊசி பிள்ளைக்குக் கெடுதலா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்று நாட்டிலும் 3 லட்சத்து 43 ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்து 2024இல் எழுதினார்கள். முதல் மூன்று மாதத்தில் கொவிட் வந்தாலும் சரி, ஊசி போட்டாலும் சரி, உறுப்புக் குறைபாடு கூடவில்லை. ரூபெல்லாவை நினைத்துப் பயந்த எங்களுக்கு இது பெரிய ஆறுதல். முதல் மாதங்களில் கொவிட் வந்தது என்று இன்னமும் பிள்ளையின் விரல்களை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் அதை விட்டுவிடலாம்.

சரி, நாலு வயதில் பேசாத பிள்ளை.

இதில் இரண்டு விதமான ஆய்வுகள் உள்ளன, இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 255 பிள்ளைகளை ஆறு மாத வயதில் பார்த்தார்கள். வயிற்றில் இருக்கும்போது தாய்க்குக் கொவிட் வந்த பிள்ளைகளுக்கும் வராத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த இரண்டு கூட்டமுமே, பெருந்தொற்றுக்கு முன் பிறந்த பிள்ளைகளைவிடக் கை கால் அசைவிலும் மனிதரோடு பழகுவதிலும் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். அதாவது வைரஸ் இல்லை, அந்தக் காலம். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. தாத்தா பாட்டி வர முடியாது, தடிக்கா மூடல், பார்க்கிற முகமெல்லாம் பாதி மறைப்பு, அப்பாவும் அம்மாவும் ஒரே அறையில் லேப்டாப், பிள்ளை கையில் போன்.

மற்றொரு பக்கம் பாஸ்டன். அங்கே முதலில் 2022இல் ஒரு சிறு கணக்கு, பிறகு 2025 அக்டோபரில் பெரிதாக ஒன்று: 18,124 பிறப்புகள், அவற்றில் 861 தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் கொவிட். மூன்று வயதுக்குள் பேச்சுத் தாமதம், ஆட்டிசம், அசைவுத் தாமதம் போல ஏதாவது ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகள் 16.3 விழுக்காடு, கொவிட் வராதவர்களின் பிள்ளைகளில் 9.7. தாயின் வயது, குறைமாதம் முதலிய மற்ற காரணங்களைக் கழித்துவிட்டால் சுமார் 1.3 மடங்கு. கடைசி மூன்று மாதத்தில் தொற்று வந்தவர்களிடமும் ஆண் பிள்ளைகளிடமும் கூடுதல். பெரும்பாலும் ஊசி வருவதற்கு முன் கர்ப்பமானவர்கள்.

நான் இதை எப்படிப் படிக்கிறேன் என்றால்: தொடர்பு இருக்கலாம், சிறியது. கொவிட் வராத தாய்க்குப் பிறந்த பத்தில் ஒரு பிள்ளைக்கும் அங்கே ஏதோ ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்களே. உங்கள் பையன் விஷயத்தில் இதுதான் காரணம் என்று எந்த டாக்டராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. சொன்னாலும் வைத்தியம் மாறப் போவதில்லை. அதனால் காரணத்தை விட்டுவிட்டுக் காதைப் பாருங்கள். பேசாத பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது காது கேட்கும் சோதனை. பெயர் சொன்னால் திரும்புகிறானே என்று விட்டுவிடுகிறார்கள். சளி அடைத்துப் பாதி கேட்கும் பிள்ளையும் திரும்பும். அடுத்தது பேச்சுப் பயிற்சிக்கு எழுதி வாங்குவது. வரிசை நீளம், ஆகையால் இன்றே பெயர் கொடுங்கள். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சொல்லிக்கொண்டு வருகிற பாட்டிகளிடம் நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் பெயர் கொடுக்கும் வரை விடுவதும் இல்லை. டாக்டரிடம் போகும்போது பிங்க் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். எத்தனையாவது வாரத்தில் காய்ச்சல், எத்தனையாவது வாரத்தில் பிரசவம், எடை எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். குறைமாதம் என்றால் அதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

குழந்தைக்கு 18 மாதத்தில் கிளினிக்கில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, கூப்பிட்டால் முகத்தைப் பார்க்கிறதா, பாவனை விளையாட்டு விளையாடுகிறதா என்று இருக்கும். பொறுமையில்லாமல் எல்லாவற்றுக்கும் "யா" என்று டிக் போட்டுக் கொடுத்த அம்மாக்களை எனக்குத் தெரியும். உதை எண்ணாமல் கோடு போட்டவர்களும் அதே அம்மாக்கள்தான்.

ஒரு பழைய சங்கதி. 1918 இன்ஃப்ளூயன்ஸா மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. நம் ஆட்கள் லயம் லயமாகப் படுத்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஜான் ஹாரிஸ் என்ற டாக்டர் அந்தக் காய்ச்சல் வந்த 1,350 கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்தார். 27 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். மூச்சை அடைக்கும் நோய் வந்தால் கர்ப்பிணியும் பிள்ளையும்தான் முதலில் அடிபடுவார்கள் என்பது நூறு ஆண்டாகத் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் 2021இல் ஊசிக்கான வரிசையில் அவர்களைக் கடைசியில்தான் கொண்டுபோய் நிறுத்தினோம்.

இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களுக்கு. கொவிட் போய்விடவில்லை, நம் உடம்பு அதைப் பழகிக்கொண்டிருக்கிறது. டெல்டா காலத்து நஞ்சுக்கொடிச் சேதத்தை ஒமிக்ரானுக்குப் பிறகு அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் வயிற்றுப் பிள்ளை எதையும் பழகியதில்லை. பிறந்து ஆறு மாதம் வரை அதற்குக் கொவிட் ஊசியும் கிடையாது. தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டால் நஞ்சுக்கொடி வழியாகவும் பாலிலும் எதிர்ப்புச் சக்தி போகிறது. அப்படிப் பிறந்த பிள்ளைகள் முதல் ஆறு மாதத்தில் கொவிட்டால் ஆஸ்பத்திரியில் படுப்பது 61 விழுக்காடு குறைந்ததாக 2022இல் அமெரிக்கக் கணக்கு ஒன்று சொன்னது. உங்களுக்கு இப்போது தேவையா என்று செக்கப்பில் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், கூட்டம் அப்படி.

காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டு இறக்குங்கள், தாங்கிக்கொள்வது பெருமை இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வீட்டில் எங்கேயாவது டிராயரில் கிடக்கும், பேட்டரி மாற்றி வையுங்கள். பால் கொடுக்கும் தாய்க்குக் கொவிட் வந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுக் கொடுக்கலாம், நிறுத்த வேண்டாம். தேறிய பிறகும் மூன்று வாரம் உதையை எண்ணுங்கள். இரவு ஒன்பது மணிக்கு முன்னால் பத்து ஆகவில்லையென்றால், மாமியாரையோ என்னையோ கேட்க வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும்.